‘நார்மல்’ என்று வந்த இரண்டு ஸ்கேன்களும் என் மகளின் வலிப்பும்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்தொன்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். நிலம் வாங்க வருகிறவர்கள் வில்லங்கச் சான்றைக் கையில் பிடித்துக்கொண்டு, “வில்லங்கம் இல்லை என்று வந்துவிட்டது” என்று நிம்மதியோடு நிற்பார்கள். எந்த சர்வே எண்ணுக்கு, எந்த உட்பிரிவுக்கு, எத்தனை ஆண்டுக்கு மனுப் போட்டீர்கள் என்று கேட்பேன். தேடிய இடத்தில், தேடிய காலத்துக்குள் ஒன்றும் இல்லை என்பதுதான் அந்தத் தாளுக்குப் பொருள். பதினைந்து ஆண்டுக்குத் தேடினால் பதினாறாம் ஆண்டு அடமானம் அதில் வராது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நான், என் மகளின் மூளை ஸ்கேனில் ‘நார்மல்’ என்று வந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் கேட்கவில்லை. மருந்துக்கு அடங்காத வலிப்போடு பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடுகிற வேறொரு வீட்டுக்காவது இது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2018 மாசியில் தொடங்கியது. பாப்பாவுக்கு நான்கு வயது. விடியற்காலை மூன்று மணி வாக்கில் தூக்கத்திலிருந்து வீறிட்டு எழுந்தாள். கை விறைத்து, கண் திறந்தபடி எங்கோ பார்த்தாள். அரை நிமிடம்தான். பிறகு எதுவும் நடக்காததுபோல் தூங்கிவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே. அந்த வாரத்தில் ஓர் இரவில் ஐந்து முறை வந்தது. வாயில் நுரை இல்லை, உடம்பு வெட்டி இழுக்கவில்லை. அதனால் வலிப்பு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்றார் என் அம்மா. மந்திரித்துக் கயிறு கட்டினோம், இடுப்பில் செம்புத் தாயத்து கட்டினோம். மூன்றாம் வாரம் பட்டப்பகலில் அங்கன்வாடி வாசலில் விழுந்து உடம்பெல்லாம் வெட்டி இழுத்தபோதுதான் புரிந்தது. தூக்கத்தில், கொத்துக் கொத்தாக, அரை நிமிடத்தில் முடிகிற, கத்தலும் கை விறைப்புமாக வருகிற வலிப்பு பெரும்பாலும் மூளையின் முன்மடலிலிருந்து கிளம்புவது என்பதை இன்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று அதைச் சொல்ல ஆள் இல்லை.

அன்றைக்கு அங்கன்வாடி வாசலில் யாரோ ஓடிவந்து பாப்பாவின் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். இன்னொருவர் பல்லுக்கிடையே கரண்டி வைக்கப் போனார். இரண்டும் வேண்டாம். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தானாக நிற்பதைச் சாவி நிறுத்தியதாக நினைத்துக்கொள்கிறோம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரேயை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாக இருக்க வேண்டும்.

முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நம் நாட்டில் பிள்ளைக்கு வலிப்பு என்றால் மருத்துவர்கள் முதலில் தேடுகிறவற்றில் ஒன்று நாடாப்புழுக் கட்டி. அதன் முட்டை சரியாகக் கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போய், மூளையில் சிறு கட்டியாகத் தங்கிவிடும். பன்றி இறைச்சியைத் தொடாத வீடுகளிலும் வரும். அது ஸ்கேனில் தெரிந்துவிட்டால் பலருக்கு மருந்திலேயே சரியாகிறது. பாப்பாவுக்கு அது இல்லை. பிறகு வெளியூரில் ஒரு ஸ்கேன் மையத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சீட்டில் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: ‘ஃபிட்ஸ்’. அறிக்கையில் ‘நார்மல்’ என்று வந்தது. அந்தச் சொல்லைப் பார்த்து என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம்.

அதற்குப் பிறகு மருந்து, அடுத்த மருந்து, அதற்கடுத்த மருந்து. வால்ப்ரோயேட்டில் இரண்டு மாதம் குறைந்ததுபோல் இருந்து மறுபடியும் வந்தது. லெவிடிரசிட்டம் கொடுத்தபோது, யாரிடமும் அதிர்ந்து பேசாத பிள்ளை தம்பியைக் கடித்தாள், தட்டைத் தூக்கி எறிந்தாள். அந்த மருந்து சில பிள்ளைகளை அப்படி ஆக்கும் என்று தெரியாமல் அவளை அடித்திருக்கிறேன். இன்றும் அது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. க்ளோபசாம் சேர்த்தபோது பள்ளியில் மேசைமேல் கவிழ்ந்து தூங்கினாள். உயிரெழுத்து பன்னிரண்டையும் மழலையில் பாடியவள், ஒன்றாம் வகுப்பில் ‘ஊ’வுக்குப் பிறகு என்ன என்று என் முகத்தைப் பார்த்தாள். 2020இல் ஊரடங்கு நேரத்தில் இரவுகள் மிக மோசமாகின. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி எல்லையில் வண்டியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டு கடைசியில் இன்னோர் இடத்தில் இரண்டாவது எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அதுவும் ‘நார்மல்’. ஐந்தாவது மருந்து தொடங்கியது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியான முறையில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கருத வேண்டும் என்பது 2010இல் உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் வகுத்த வரையறை. ஐந்து அல்ல, இரண்டு. கிளாஸ்கோவில் 470 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்தில் வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவதில் 13 சதவீதம். மூன்றாவது மருந்திலோ இரண்டைச் சேர்த்துக் கொடுத்தோ நின்றவர்கள் 4 சதவீதம்தான். மூன்றாவது மருந்தையும் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது பலிக்குமா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல், வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்ற தேடலை அதே வாரத்தில் தொடங்கிவிட வேண்டும். இதை எங்களுக்கு முதன்முதலில் சொன்னவர் 2022இல் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பார்த்த ஓர் இளம் பெண் மருத்துவர். “எத்தனை மருந்து ஆகிறது?” என்று கேட்டார். ஐந்து என்றோம். பேனாவை மூடி வைத்துவிட்டு, “இனி ஆறாவதை நான் எழுத மாட்டேன், நீங்கள் பெங்களூருக்குப் போக வேண்டும்” என்றார். அந்த அம்மாவை நாங்கள் நினைக்காத நாளில்லை.

பெங்களூருக்குப் போகும் முன்பு என் மனைவி செய்து வைத்திருந்த ஒன்றுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் ஆதாரமாக நின்றது. அவள் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண், எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு வலிப்பையும் எழுதிவந்தாள். தேதி, நேரம், எத்தனை நொடி என்பதோடு நிற்கவில்லை. முதலில் எது அசைகிறது என்று பார்த்தாள். இரவு முழுக்க ஸீரோ வாட் பல்பை எரியவிட்டு, பிள்ளையின் போர்வைக்கு வெளியே இரண்டு கைகளையும் எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் விழித்துக் கிடந்தாள். பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகு ஒரு வரி எழுதினாள்: ‘இடது கட்டைவிரல் உள்ளே மடங்குகிறது. பிறகுதான் இடது கை மேலே போகிறது. தலை இடது பக்கம் திரும்புகிறது. பிறகுதான் கத்தல்.’ நான் அதே அறையில் படுத்திருந்தவன். எனக்குக் கத்தல்தான் தெரியும். அவள் கத்தலுக்கு முந்தைய மூன்று நொடியைப் பிடித்திருந்தாள்.

பெங்களூர் மருத்துவர் எங்கள் கோப்பில் இருந்த ஸ்கேன் அறிக்கைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, நோட்டைத்தான் முதலில் படித்தார். தமிழ் படிக்கத் தெரியாததால் என் மனைவி கன்னடத்தில் படித்துக் காட்டினாள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வருவது அன்றைக்குப் பெரிய உதவியாக இருந்தது. அவர் தன்னுடைய இடது கட்டைவிரலை மடக்கிக் காட்டி, “இப்படியா?” என்று கேட்டார். “இன்னும் இறுக்கமாக” என்றாள். உடம்பின் இடப்பக்கத்தை இயக்குவது மூளையின் வலப்பக்கம். அதனால் வலது முன்மடலை விட்டு வேறெங்கும் முதலில் தேட வேண்டியதில்லை என்றார். நான்கு ஆண்டுகளில் முதன்முறையாகத் தேடலுக்கு ஒரு சர்வே எண் கிடைத்தது.

அடுத்து ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டை, அதாவது சி.டி.யைக் கேட்டார். முதல் எம்.ஆர்.ஐ.க்கு எங்களிடம் ஃபிலிம் மட்டும் இருந்தது. அந்த மையத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது, பழைய படங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று சொல்லிவிட்டார்கள். ஃபிலிமில் அச்சாவது சில படங்கள்தான்; சி.டி.யில் நூற்றுக்கணக்கில் இருக்கும், பெரிதாக்கியும் திருப்பியும் பார்க்கலாம். இரண்டாவது ஸ்கேனுக்கு நல்லவேளையாக சி.டி. இருந்தது. எங்கே ஸ்கேன் எடுத்தாலும் கையெழுத்துப் போட்டு சி.டி.யை வாங்கிய பிறகே படியிறங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு பென் டிரைவிலும் ஏற்றி வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது தாய்ப் பத்திரத்தோடு ஒரே டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. எல்லாம் ஒன்றல்ல என்பது அன்றுதான் தெரிந்தது. வழக்கமான ஸ்கேனில் மூளையைப் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் கனமான துண்டுகளாக, நடுவில் சிறிது இடைவெளி விட்டுப் படம் பிடிப்பார்கள். கட்டி, ரத்தக் கசிவு போன்றவற்றுக்கு அது போதும். வலிப்புக்கென்று எடுக்கிற எம்.ஆர்.ஐ.யில் இடைவெளியே இல்லாமல் 1 மில்லிமீட்டர் கனத்தில் முழு மூளையையும் எடுக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் வெட்டிப் பார்க்கலாம். முடிந்தால் காந்த வலிமை கூடிய 3 டெஸ்லா கருவியில் எடுப்பது நல்லது. அதைவிட முக்கியம், வலிப்பு நோய்ப் படங்களையே நாள்தோறும் பார்க்கிற கண். ஜெர்மனியின் பான் நகரத்து மருத்துவர்கள் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாதாரண எம்.ஆர்.ஐ.யைப் பொதுவான மருத்துவர் படித்தபோது, இருந்த கோளாறுகளில் 39 சதவீதமே அகப்பட்டன. அதே படங்களை வலிப்பு நிபுணர் படித்தபோது 50 சதவீதம். வலிப்புக்கென்றே எடுத்த படத்தை நிபுணர் படித்தபோது 91 சதவீதம். இந்த மூன்று எண்களை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன். வயதும் ஒரு விஷயம்: இரண்டு வயதுக்குள் மூளை நரம்புகளின் உறை முழுதாக வளர்ந்திருக்காது என்பதால், சிறு கோளாறு படத்தில் மறைந்துபோகலாம். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த ஸ்கேன் ‘நார்மல்’ என்றால், வலிப்பு தொடர்கிற பட்சத்தில் பிறகு ஒரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்கேன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். ‘ஃபிட்ஸ்’ என்று மட்டும் இருந்தால், மருத்துவரிடமே திருப்பிக் கொடுத்து, எந்தக் கை முதலில் அசைகிறது, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்கிற இ.இ.ஜி.யில் எந்தப் பக்கம் தெரிகிறது, எத்தனை மருந்து தோற்றது என்பதைச் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

படத்துக்கு முன்பு ஐந்து நாள் வீடியோ இ.இ.ஜி. நடந்தது. தலையெல்லாம் ஒயர்களை ஒட்டி, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். பெற்றவர்களுக்கு இது கொடுமையான காத்திருப்பு. வரக் கூடாது என்று நான்கு ஆண்டுகள் வேண்டிக்கொண்டவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள் காலையில் ஒயரே ஒட்டவில்லை. புறப்படும் முன்பு என் அம்மா வழக்கம்போல் பாப்பாவுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டிருந்தார். செவிலியர் இரண்டு முறை ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டியிருந்தது. அரை நாள் போனது. மூன்றாம் இரவு நான்கு வலிப்புகள் பதிவாயின. இடது கட்டைவிரல் மடங்கியது கேமராவில் தெரிந்தது. என் மனைவி திரையைப் பார்த்தபடி என் கையைப் பிடித்தாள், எதுவும் சொல்லவில்லை.

பக்கத்துப் படுக்கையில் ஊத்தங்கரையிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். அவனுக்கு ஸ்பெக்ட் என்ற ஸ்கேன். வலிப்பு தொடங்கிய சில நொடிகளுக்குள் கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டால், அந்த நேரத்தில் ரத்தம் எங்கே பாய்ந்து குவிந்ததோ அங்கே மருந்து தங்கிவிடும்; படத்தைச் சற்றுப் பொறுத்தும் எடுக்கலாம். அதற்காக ஒரு செவிலியர் காலையிலிருந்து ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடவும் எழவில்லை. அவன் உதடு லேசாகக் கோணியதும் ஊசி உள்ளே போனது. அத்தனை பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எம்.ஆர்.ஐ.க்கு முந்தைய இரண்டு முறையும் மயக்க மருந்து கொடுத்தார்கள். இந்த முறை எட்டு வயது என்பதால், அசையாமல் படுப்பாள் என்றால் மயக்கம் வேண்டாம் என்றார்கள். ஒரு வாரம் வீட்டில் பழக்கினோம். கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுக்க வைத்து, போனில் எம்.ஆர்.ஐ. சத்தத்தை ஓடவிட்டு, தம்பி மேலே பலகையைத் தட்டிக்கொண்டிருப்பான். முதல் நாள் மூன்று நிமிடம் தாங்கினாள். ஏழாம் நாள் நாற்பது நிமிடம். ஸ்கேன் அறை வாசலில் கொலுசு, தோடு, அரைஞாண் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். செம்புத் தாயத்தைக் கழற்றும்போது என் அம்மாவின் முகம் வாடியது. அதை முந்தானையில் முடிந்து, ஸ்கேன் முடியும்வரை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் வந்தது. முதல் பார்வையில் மருத்துவர்களுக்கும் உறுதி இல்லை. வலது முன்மடலில் ஒரு மடிப்பின் அடியில் ஏதோ மங்கலாக இருக்கிறது, பெட் ஸ்கேனும் எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். மூளை சர்க்கரையை எரித்து வேலை செய்கிறது. வலிப்பு இல்லாத நேரத்தில், கோளாறான இடம் பெரும்பாலும் மந்தமாகச் சர்க்கரையை எடுக்கும். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தி அதைப் படமாக்குகிறார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். ஊசி போட்ட பிறகு இருட்டறையில் பேசாமல், போன் பார்க்காமல் படுத்திருக்க வேண்டும், ஏனென்றால் பார்ப்பதும் பேசுவதும்கூட மூளையில் சர்க்கரையை இழுக்கும். பாப்பா என் விரலைப் பிடித்தபடி இருட்டில் கிடந்தாள். பெட் படத்தையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தபோது, மந்தமான இடமும் மங்கலான இடமும் ஒன்றாகவே விழுந்தன.

எல்லாத் துறை மருத்துவர்களும் கூடிப் பேசிய மறுநாள் எங்களைத் திரையின் முன் உட்கார வைத்துக் காட்டினார்கள். மூளையின் வெளியோரம் சாம்பல் நிறம், உள்ளே வெள்ளை. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல் எல்லை இருக்க வேண்டும். அந்த ஓர் இடத்தில் எல்லை கலைந்திருந்தது. அங்கிருந்து மெல்லிய வால் ஒன்று உள்ளே மூளையின் நீரறையை நோக்கி இறங்கியது. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்ப்ளேசியா என்று பெயர் சொன்னார்கள். லண்டனில் டெய்லர் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1971இல் இதை விவரித்தார்கள். பிள்ளை கருவில் இருக்கும்போது மூளை அணுக்கள் அடுக்கடுக்காக வரிசையில் நிற்க வேண்டியவை, ஓர் இடத்தில் மட்டும் வரிசை தப்பி, சில அணுக்கள் பருத்து நின்றுவிடுகின்றன. புற்றுநோய் அல்ல. பரவாது. வளர்கிற மூளையின் ஏதோ ஓர் அணுவில் நேர்ந்த மரபணு மாற்றத்தால் பல பிள்ளைகளுக்கு வருகிறது. தாய் தின்றதாலோ நடந்ததாலோ வருவதல்ல.

அந்தக் கடைசிச் சொல் எங்கள் வீட்டுக்கு மருந்தைவிடப் பெரிதாக இருந்தது. ஏழாம் மாதத்தில் உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் உட்கார்ந்தாள், அதனால்தான் இப்படி என்று என் மனைவியைப் பார்த்துச் சொல்லாத உறவு இல்லை. நானும் மறுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்று இரவு என் அம்மாவை உட்கார வைத்து, போனில் எடுத்துவந்த அந்தப் படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மருமகளின் தலையைத் தடவினார்.

இன்னொன்றையும் அந்த மருத்துவர் செய்தார். எங்களுடைய 2020 சி.டி.யைப் போட்டு, அதே இடத்துக்குப் படங்களை நகர்த்தினார். ஒரே ஒரு துண்டில், அதே மங்கல் இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரிந்த பிறகு எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. எனக்கு உடம்பு நடுங்கியது. இரண்டு ஆண்டுகள் அந்த சி.டி. எங்கள் பீரோவில் இருந்தது. ஆனால் அதைப் படித்தவர்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் போன சீட்டில் கட்டைவிரல் இல்லை, வலப்பக்கம் இல்லை. சர்வே எண் இல்லாமல் வந்த மனுவுக்கு அவர் பதில் எழுதியிருக்கிறார்.

அறுவைச் சிகிச்சை என்றதும் சொந்தங்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். தலையைத் திறப்பது புதிய சோதனை என்று நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949இல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கி, 1952லேயே வலிப்புக்கு அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. எனக்குத் தெளிவு தந்தது டெல்லி எய்ம்ஸ் ஆய்வு. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 பிள்ளைகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான் இல்லை. 2017இல் வெளியானது. அதே ஆய்வில், அறுவைக்குப் பின் சிலருக்குக் கைகால் பலவீனம் போன்ற பாதிப்புகள் வந்ததையும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் படித்தோம். இரவு வலிப்பு அடங்காமலே போனால் தூக்கத்திலேயே உயிர் போகும் ஆபத்தும் உண்டு என்பதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அதற்கு மேல் நாங்கள் தயங்கவில்லை.

அந்த இடம் இடது கையை இயக்கும் பகுதிக்கு மிக அருகில் இருந்தது. அதனால் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. என்ற இன்னொரு படம் எடுத்தார்கள். உள்ளே படுத்தபடி விரல்களை மடக்கி நீட்டச் சொல்லி, அப்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். எல்லை வரைந்துகொண்டு, 2023 பிப்ரவரியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. விழித்தபோது இடது கை அசையவில்லை. முன்பே எச்சரித்திருந்தார்கள், வாரங்களில் திரும்பும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் தொங்கிய அந்தக் கையைப் பார்த்த முதல் இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. ஊருக்கு வந்ததும் என் அம்மா பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினார். இடது கையால் மட்டும் ஆட வேண்டும் என்பது ஒப்பந்தம். முதலில் புளியங்கொட்டைகள் விரலிடுக்கில் வழிந்து தரையெல்லாம் சிதறின. அம்மா பொறுக்கிப் போடுவார், அவள் மறுபடியும் அள்ளுவாள். ஆறாம் வாரம் ஒரு குழியிலிருந்து ஐந்து கொட்டைகளை அள்ளி, ஒவ்வொன்றாக ஐந்து குழிகளில் போட்டாள். இன்று அந்தக் கையால் சைக்கிள் பிரேக் பிடிக்கிறாள்.

அறுவைக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, வலிப்பு வரவில்லை. மருந்து இன்னும் நிற்கவில்லை. மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது, அதையும் மருத்துவர் சொல்கிற வேகத்தில்தான் குறைக்கிறோம். நன்றாக இருக்கிறாள் என்று தாமாக மருந்தை நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கதை இப்படி முடிவதில்லை. ஊத்தங்கரைப் பையனுக்கு வலிப்பு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் கிளம்புகிறது. அறுவைக்கு இடமில்லை என்றார்கள். அவனுக்கு இப்போது கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு முறை, மருத்துவமனைக் கண்காணிப்பில் நடக்கிறது. பாதியாகக் குறைந்திருக்கிறது என்று அவன் அப்பா போனில் சொன்னார். வேறு சில பிள்ளைகளுக்குக் காரணம் மரபணுவிலேயே இருக்கும். மூளைப் படம் உண்மையிலேயே சுத்தமாக இருக்கும். அவர்களுக்கு மரபணுப் பரிசோதனைதான் வழி காட்டும். சில மரபணு வலிப்புகளில் சில மருந்துகள் வலிப்பைக் கூட்டிவிடும் என்பதால், அதைத் தெரிந்துகொள்வதே பெரிய காப்பு. லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2025இல் வெளியிட்ட ஒரு கணினி முறை, மருத்துவர்கள் தவறவிட்ட இத்தகைய சிறு கோளாறுகளில் 64 சதவீதத்தைக் கண்டுபிடித்ததாகப் படித்தேன். அப்படி ஒன்று 2018இல் இருந்திருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. கணினி காட்டினாலும், கட்டைவிரலோடு பொருத்திப் பார்க்க மருத்துவர் வேண்டும்.

இந்தப் பரிசோதனைகள் எல்லாம் ஒரே கூரைக்குள் நடக்கிற இடங்கள் நம் மாவட்டத்துக்கு எட்டாத தொலைவில் இல்லை. பெங்களூரில் நிம்ஹான்ஸ், வேலூரில் சி.எம்.சி., திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு ரயிலும் போகிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், போகிற மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்காமல் போய், கறவை மாடு ஒன்றை அவசரத்துக்கு விற்றோம்.

போன மாதம் மாரண்டஅள்ளியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வந்தார்கள். மடியில் ஆறு வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பகல் பதினொரு மணிக்கு அந்த வயதுப் பிள்ளை அப்படித் தூங்குவது எந்த மருந்தால் என்று எனக்குத் தெரியும். கேட்டேன். மூன்று மருந்து, ஒரு ஸ்கேன், ‘நார்மல்’. பத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்தக் கை முதலில் அசைகிறது என்று கேட்டேன். அந்த அம்மா யோசிக்காமல் சொன்னார்: “கை இல்லை அண்ணா, வலது கண்தான் முதலில் இமைக்கும்.” ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை வீடியோ இ.இ.ஜி.க்குப் படுக்கை கிடைத்திருக்கிறது. திங்கள் இரவே தலைக்குக் குளிப்பாட்டிவிட வேண்டும், எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வைக்கக் கூடாது என்று பாட்டியிடமும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.